காப்புக் காய்த்த கைக்கு மருந்து எங்கே? ரேகை தேய்ந்த கைக்கு அரிசி எங்கே?

(பேராவூரணியில் நடந்த விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் விளக்கக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் பிரசுரமாகத் தருகிறோம். வாங்கியவர்கள் படித்துவிட்டு அடுத்த தெருவுக்குக் கொடுக்கவும்.)



வழக்கமாக இந்த மேடையில் நாம் எதைப் பேசுவோம்? மேட்டூரில் ஜூன் 12-ந் தேதி தண்ணீர் திறந்தார்களா, திறந்த தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக நம்ம கடைமடைக்கு வந்து சேர்ந்ததா, நெல்லை எடுக்க கொள்முதல் நிலையம் திறந்தார்களா, தேங்காய் விலை ஏன் சரிந்தது, இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, எல்லோரும் அவரவர் உள்ளங்கையை ஒருதரம் பார்க்கச் சொல்கிறோம். சிரிக்காதீங்க. நிஜமாகவே பாருங்க.

மண்வெட்டி பிடித்தவன் கையில் விரலடியில் வரிசையாக நாலு காய்ப்பு இருக்கும். நாற்றுப் பறித்த அக்கா கையில் கட்டைவிரல் ஓரம் வெடித்திருக்கும். பாரையில் மட்டை உரிப்பவர் கை மட்டைக் கறை ஏறிக் கருத்து, தோல் தடித்து, மடிப்புக்கு மடிப்பு பாளம் பாளமாய்ப் பிளந்திருக்கும். ராத்திரி சோற்றில் புளிக்குழம்பு ஊற்றிப் பிசையும்போது 'ஸ்ஸ்...' என்று கையை உதறாதவர் நம்மில் எத்தனை பேர்? கை எரிகிறதென்று கரண்டியால் சாப்பிடுகிற ஆத்தாக்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள். அதை வியாதி என்று யாரும் சொல்வதில்லை. "உழைக்கிற கைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இந்தப் பேச்சைத்தான் முதலில் விட வேண்டும் என்கிறோம். காப்புக் காய்த்த கை பெருமை என்று மேடையில் பேசுகிறவர் கையில் காப்பு இருக்காது.

கை ஏன் வெடிக்கிறது? தோலின் மேல் ஓர் எண்ணெய்ப்பசை இருக்கிறது. அதுதான் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. நாள் முழுக்கச் சேற்றில் கை ஊறினால் தோல் உப்பி, அந்தப் பசை கழுவிக்கொண்டு போகிறது. கரையேறியதும் வெயிலும் காற்றும் பட்டுத் தோல் சட்டென்று காய்ந்து சுருங்குகிறது. ஊறுவது, காய்வது, மறுபடி ஊறுவது, மறுபடி காய்வது. ஒரு பருவம் முழுக்க இப்படி நடந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? இன்னொரு பக்கம், ஒரே இடத்தில் பிடியும் கயிறும் உராய உராய, உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் தோலைத் தடிமனாக்குகிறது. அதுதான் காய்ப்பு. காய்ப்பு நமக்கு எதிரி இல்லை, உடம்பு தானே போட்டுக்கொண்ட கையுறை அது. ஆனால் காய்ந்து இறுகிப் போனால் வளையாது. கையை மடக்கும்போது அதன் ஓரத்தில் பிளக்கும். மார்கழி, தை மாதக் காற்றில் சம்பா அறுப்பு நேரத்தில் இது அதிகமாகிறது என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம்ம பகுதியில் வேலைக்கு வேலை கை கெடுகிற விதமும் வேறு. உரம் தெளிக்கிற கையில் ஈரம் இருந்தால் யூரியாவும் பொட்டாஷும் கரைந்து வெடிப்புக்குள் இறங்கும். கீற்று முடைகிறவர்களுக்கு ஓலை ஓரம் விரலை அறுத்துக்கொண்டே இருக்கும். கட்டட வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு சிமெண்ட், அது தோலைப் பொசுக்கும். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்கள் கையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்து உரிகிறது. வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கால் கதை தனி. உப்புக்காக 1930-ல் அங்கே பெரிய போராட்டம் நடந்ததைப் பாடத்தில் படிக்கிறோம், உப்பு வாருகிற காலைப் பற்றிப் பாடம் இல்லை.

கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் தோப்பு இல்லை. விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு கணக்குப் போட்டது. போதாது என்று நாம் போராடினோம், அது வேறு விஷயம். ஆனால் மாதக்கணக்கில் ரம்பமும் கோடாலியும் கயிறுமாக அந்த மரங்களை அப்புறப்படுத்திய கைகள் கொப்புளித்து, உடைந்து, சீழ் வைத்ததே, அதற்கு எந்த இனத்தில் கணக்கு எழுதினார்கள்?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். அரசாங்கத்திடம் கேட்பதைக் கேட்போம். அது வருகிற வரைக்கும் கை காத்திருக்காது.

முதல் விஷயம், வேலை முடிந்து வந்ததும் சேற்றையும் உர உப்பையும் மருந்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். துணி சோப்பும் பாத்திரத்தூளும் வேண்டாம், அவை மிச்சமிருக்கிற பசையையும் எடுத்துவிடும். குளிக்கிற சோப்பு கொஞ்சம் போதும். ராத்திரி படுக்கப் போகும்முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கையை ஊற வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது. ஊறிய காய்ப்பை படிக்கல்லாலோ பீர்க்கங்கூட்டாலோ மெல்லத் தேய்த்து மேல்தோலை மட்டும் எடுங்கள். பிளேடு போட்டுச் சீவுகிற வேலை வேண்டவே வேண்டாம். காய்ப்பை முழுக்க எடுத்துவிட்டால் மறுநாள் மண்வெட்டி பிடிக்க முடியாது, கொப்புளம்தான் வரும். மழுங்கச் செய்தால் போதும்.

பிறகு ஒற்றித் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். இதுதான் முக்கியம். காய்ந்த கையில் எண்ணெய் தடவினால் பாதிப் பலன்தான். ஈரத்தின் மேல் தடவினால் அந்த ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். எந்த எண்ணெய் என்று கேட்கிறீர்களா? தென்னந்தோப்பில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியா! வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயையும் மருந்துக்கடையில் விற்கும் மினரல் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பிலிப்பைன்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2004-ல் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டும் பலன் தருகிறது என்றுதான் முடிவு வந்தது. வேஸ்லின் கிடைத்தால் அதுவும் நல்லது, வெடிப்பு ஆழமாக இருந்தால் அது இன்னும் நன்றாகப் பிடிக்கும். தடவிவிட்டுப் பழைய வேட்டித்துணியைச் சுற்றிக்கொண்டோ, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டோ தூங்குங்கள். பத்துப் பதினைந்து நாள் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். ஒருநாள் செய்துவிட்டுக் கேட்கலைன்னு சொன்னா நாங்க பொறுப்பில்லை.

வீட்டிலேயே களிம்பு செய்யலாம். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 20 முதல் 25 கிராம் தேன்மெழுகு. தேன்மெழுகு நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் சின்னப் பாத்திரத்தை இறக்கி, எண்ணெயையும் மெழுகையும் அதில் போட்டு உருக்குங்கள். நேராக அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். உருகியதும் இறக்கிக் கிளறி டப்பாவில் ஊற்றினால் ஆறியதும் களிம்பாக இறுகிவிடும். வெறும் எண்ணெய் வேலை நேரத்தில் வழிந்துவிடுகிறது, இது தங்கும். காலையில் வேலைக்குப் போகும்முன் கொஞ்சம் தடவிக்கொண்டு போகலாம். நம்ம மகளிர் குழுக்கள் இதைச் செய்து விற்கலாமே என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. நல்ல யோசனை, தனியாக உட்கார்ந்து பேசுவோம்.

மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்துச் சேற்றுப்புண்ணுக்குப் பூசுவது நம்ம நடவுப் பெண்கள் வழிவழியாகச் செய்து வருவது. பச்சை இலையை அரைத்துப் பூசுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடையில் வருகிற கருப்பு மருதாணிப் பொட்டலத்தை நம்பாதீர்கள். அதில் சாயம் கலக்கிறார்கள், வெடித்த தோலில் பட்டால் வெந்துபோகும்.

யூரியா பற்றி ஒரு வார்த்தை. தடித்த தோலுக்கு டாக்டர்கள் யூரியா களிம்பு எழுதுகிறார்கள். நூற்றுக்குப் பத்தோ இருபதோ பங்கு யூரியா இருக்கும், அது தோலில் ஈரத்தைப் பிடித்துவைத்து மெதுவாக்கும். இதைக் கேட்டுவிட்டு நாலு பேர் வீட்டில் கிடக்கிற உர மூட்டையை அவிழ்க்கப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்! அந்த யூரியா வேறு சுத்தத்தில், மருந்து அளவில் சேர்ப்பது. இந்த மூட்டை வயலுக்கு மட்டும். களிம்பையும் ரத்தம் வருகிற வெடிப்பில் போட்டால் எரியும், மூடிய பிறகு போடுங்கள்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறோம். பலாப்பாலும் பெயிண்டும் போக மண்ணெண்ணெய், பெட்ரோலில் கை கழுவாதீர்கள், சமையல் எண்ணெய் தேய்த்தாலே போகும். வெடிப்பை ஒட்டுகிறேன் என்று பசையை ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு டியூப் குடு' என்று கேட்டால் பாதி நேரம் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத்தான் கையில் திணிக்கிறார்கள். ரெண்டு நாளில் அரிப்பு நின்ற மாதிரி இருக்கும். படர்தாமரையாக இருந்தால் அது உள்ளே பரவி, மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். டாக்டர் எழுதாமல் அதை வாங்காதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, விண்விண்ணென்று தெறித்தால், சீழ் வைத்தால், கையில் சிவப்புக் கோடு ஏறினால், அக்குளில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு ஒருவாரம் காத்திருக்க வேண்டாம். துருப்பிடித்த கருக்கரிவாளோ ஆணியோ கிழித்தால் டெட்டனஸ் ஊசி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்ன வெடிப்பையும் சின்னதாக நினைக்கக் கூடாது. காலை தினமும் பாருங்கள், அடிப்பாதத்துக்குக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அவர்களுக்குச் சுடுதண்ணீரும் காய்ப்புக் கரைக்கிற பிளாஸ்திரியும் ஆபத்து, சுட்டது தெரியாமலே வெந்துவிடும்.

இன்னொன்று எலிக்காய்ச்சல். வயல் தண்ணீரில் கலந்த எலி மூத்திரத்திலிருந்து கிருமி ஏறுவதற்கு வாசலே இந்த வெடிப்புதான். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை கடுமையாக வலித்தால், கண் சிவந்தால், 'நான் வயலில் வேலை செய்கிறவன், கையில் காலில் வெடிப்பு இருக்கு' என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடும். அதேபோலக் கையில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலோ, வலியே தெரியாத புண்ணோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயாக இருந்தாலும் கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகும். மறைத்துவைத்தால்தான் விரல் மடங்கிப் போகும்.

மருந்து அடிக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. வெடித்த தோல் வழியாகப் பூச்சிமருந்து சுலபமாக உடம்பில் ஏறும். மராட்டியத்தில் யவத்மால் மாவட்டத்தில் 2017-ல் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் செத்தார்களே, மறந்துவிட்டோமா? பூச்சிமருந்து விதிகள் 1971-ல் எழுதப்பட்டவை. மருந்தைக் கையாளுகிறவருக்கு முழங்கையில் பாதிவரை வருகிற, நனையாத கையுறை தர வேண்டும் என்று அதில் அப்போதே எழுதியிருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. நம்ம ஊரில் மருந்து டப்பாவோடு கையுறை கொடுத்த கடையை யாராவது பார்த்ததுண்டா?

இங்கே நமக்குள்ளேயும் ஒன்று பேச வேண்டும். நம்ம சங்கத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களும் இருக்கிறோம். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். டேங்க் வாங்க நாலாயிரம் செலவழிக்கிறோம், அதைச் சுமக்கிறவனுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்க யோசிக்கிறோம். நடவுக்குக் கையுறை போட்டால் நாற்று பிடிபடாது, உண்மைதான். ஆனால் வரப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் வைக்க என்ன செலவு? கரையேறியதும் கழுவித் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டுமே. அரசாங்கத்திடம் கேட்பதற்கு முன்னால் இதை நாம் தொடங்கினால் கேட்கிற வாய்க்கு ஒரு பலம் வரும்.

இனி ரேகைக்கு வருவோம். இன்றைக்கு வெடித்த கை வலியோடு நிற்கவில்லை, வயிற்றிலும் கை வைக்கிறது.

2017-ல் ரேஷன் அட்டையை ஸ்மார்ட் கார்டாக மாற்றினார்கள். 2020 அக்டோபரில் கைரேகைக் கருவி வந்தது. விரல் வைத்தால்தான் பில் வரும். யாருடைய விரல் பதியவில்லை? அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவர் விரலா? மட்டை உரித்தவர் விரல், களிமண் மிதித்துச் சுவர் வைத்தவர் விரல், எழுபது வயது வரை நாற்றுப் பறித்த கிழவியின் விரல். ரேகை என்பது தோலின் மேட்டுக் கோடு. நாரும் மண்ணும் சிமெண்டும் அதைத் தேய்த்துவிடுகிறது. 'இன்னொரு விரலை வையி, எச்சில் தொட்டு வையி, தலையில தேய்ச்சு வையி' என்று வரிசையில் எல்லோர் முன்னாலும் அந்தத் தாயைப் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. பத்து விரலும் பதியாமல் பையை மடித்துக்கொண்டு திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அதே விரலை 2019-ல் வந்த பி.எம். கிசான் திட்டத்துக்கும் கேட்டார்கள், குடும்ப அட்டைச் சரிபார்ப்புக்கும் கேட்டார்கள்.

ஜார்க்கண்டில் 2017 செப்டம்பரில் ஆதார் இணைக்காத ரேஷன் அட்டை ரத்தானதால் சோறு இல்லாமல் ஒரு சிறுமி செத்தாள் என்று நாடே பேசியது. அதற்குப் பிறகுதான் அதே வருடம் அக்டோபர் 24-ந் தேதி மத்திய உணவுத்துறை ஓர் உத்தரவு போட்டது. ஆதார் இல்லை, ரேகை பதியவில்லை என்பதற்காக யாருக்கும் பொருளை மறுக்கக் கூடாது, அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2018 செப்டம்பர் 26-ல் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ரேகை பொருந்தவில்லை என்று தகுதியுள்ளவரைத் தள்ளக் கூடாது என்றுதான் சொன்னது. பிறகு நம்ம மாநிலத்தில் பல கடைகளுக்குக் கண் கருவி கொடுத்தார்கள். நல்லதுதான், ஆனால் கண்புரை விழுந்த கண்ணுக்கு அதுவும் தடுமாறுகிறது. ஆகவே கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அவரும் கருவி சொன்னபடி ஆடுகிறவர்தான். "பதிவேட்டில் எழுதிப் பொருளைக் கொடுங்க, இல்லாவிட்டால் இன்ன காரணத்தால் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுங்க" என்று நிதானமாகக் கேளுங்கள். எழுதிக் கொடுங்க என்றாலே பாதி வேலை நடக்கும்.

ரேகையைக் கொஞ்சம் மீட்கவும் வழி உண்டு. அதன் வேர் தோலின் அடியில் இருக்கிறது, மேலே தேய்ந்தாலும் உராய்வு குறைந்தால் சில வாரத்தில் அதே கோடு திரும்ப வளரும். ரேஷனுக்கு முந்தின ராத்திரிகளில் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துவிட்டுப் போங்கள். வறண்ட விரலும் பதியாது, சொட்டச் சொட்ட நனைந்த விரலும் பதியாது. இது அவசரத்துக்கு. உழைத்ததற்குத் தண்டனையாக அரிசி மறுப்பதற்கு இது பதில் ஆகாது.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேஸ்லின், யூரியா களிம்பு, சேற்றுப்புண் மருந்து எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். நடவு, அறுப்புக் காலங்களில் தோல் டாக்டர் ஊருக்கு வந்து முகாம் போட வேண்டும். 2021 ஆகஸ்டில் வீடு தேடிச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரத் தொடங்கினார்களே, அந்தப் பையில் ஒரு களிம்பு டியூப் ஏற இடமில்லையா? பூச்சிமருந்து விற்கிற கடை கையுறையும் சேர்த்துத் தர வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது, பின்னால் அதன் தொழில்நோய்ப் பட்டியலில் தோல்நோயும் ஏறியது. வயல் வேலைக்காரன் தோல் மட்டும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பது என்ன நியாயம்? விவசாயத் தொழிலாளர்களுக்கான அரசு உதவித் திட்டங்களில் கை போனால் பணம் உண்டு, கை வெடித்து ஒருமாதம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால் ஒன்றும் இல்லை. அந்த நாட்களுக்கு உதவித்தொகை வேண்டும். ரேகை பதியாதவர் பட்டியலை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் எடுத்து, அவர்களுக்கு ரேகை இல்லாமலே பொருள் கொடுக்க நிரந்தர உத்தரவு வேண்டும்.

தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். மொத்தமாகப் போய் மனு கொடுக்கப் போகிறோம், தேதியைத் தெருவுக்குத் தெரு ஆள் விட்டுச் சொல்வோம். மனுவில் பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை வருடம், எந்த மாதத்தில் அதிகம் வெடிக்கிறது, எத்தனை நாள் வேலை போனது, எந்த மாதம் ரேஷன் கிடைக்கவில்லை, இவ்வளவும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடாதவர்கள் ரேகை வையுங்கள். ரேகை விழாமல் வெறும் மைக்கறையாக விழுந்தால் அந்தத் தாளைக் கசக்கிப் போடாதீர்கள், அப்படியே கொடுங்கள், அதைத்தான் மேலே வைத்துக் கட்டப் போகிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். பேராவூரணியிலிருந்து காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம், கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு.